ஐப்பசி மழையில கம்போஸ்ட் தொட்டி நாறுதுன்னு கேட்டவருக்கு

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில மாடியில வச்சிருக்க கம்போஸ்ட் தொட்டி மழை ஆரம்பிச்சதுல இருந்து நாறுது, புழு நெளியுது, மேல போட காய்ஞ்ச இலையே கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. மாசி பங்குனில வாசல் முழுக்க கொட்டுன வாதாமர இலையையும் வேப்பிலையையும் கூட்டி தீ வச்சுட்டோம்னும் சொல்றீங்க, அங்கனதான் கோளாறு. சமையல்கட்டு கழிவுல தண்ணியும் நைட்ரஜனும் ஜாஸ்தி, காய்ஞ்ச இலைல கார்பன் ஜாஸ்தி, ரெண்டும் சேர்ந்து கார்பன் 30க்கு நைட்ரஜன் 1ங்கிற கணக்குக்கு கிட்ட வந்தாத்தான் நாறாம மக்கும், அதுக்கு ஒரு வாளி கழிவுக்கு ரெண்டு மூணு வாளி இலை வேணும்லா.

இப்போதைக்கு தேங்காய் நார்த்தூளோ பழைய நியூஸ்பேப்பர கிழிச்சோ போட்டு நல்லா கிளறி விடுங்க, மழைத்தண்ணி இறங்காம மேல ஒரு தகரத்த வைங்க.

அடுத்த மாசிக்கு அரிசிச் சாக்கு நாலஞ்சு எடுத்து வச்சிக்கோங்க. வெயில் ஏறின பொறவு கூட்டுங்க, காலைல பனி ஈரத்தோட அள்ளிக் கட்டினா உள்ளயே பூசணம் புடிச்சிரும். வாதாமர இலை, தேக்கு இலைலாம் தடி, லேசுல மக்காது, சாக்குக்குள்ள போட்டு மேல ஏறி மிதிச்சா நொறுங்கிரும், இடமும் மிச்சம், பிள்ளைகள விட்டா அதுகளே சந்தோசமா மிதிக்கும். சாக்க மண்ணுல வைக்காதீங்க, நம்மூர் கரையான் சும்மா விடாது, சன்ஷேடுக்கு அடியில செங்கல் அடுக்கி மேல வைங்க. ரோட்டோர இலைன்னா பிளாஸ்டிக் கவர், பாக்குப் பொட்டலம்லாம் கிடக்கும், பொறுக்கி எறிஞ்சிட்டு அள்ளுங்க. பொறவு சாக்குக்குள்ள கைய விடும்போது பாத்து, தேள் கிடக்கும்.