ஜாவேத் ஹாஷ்மி 2008-இல் எந்தத் தொகுதி எம்.பி.?

நண்பரே, ஒரே தேர்தலில் பாகிஸ்தான் அரசியல்வாதி ஹாஷ்மிக்கு மூன்று தொகுதி போட்டிருக்கிறதே, எதைக் கட்டுரையில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சரிதான். பாகிஸ்தானில் ஒருவரே பல தொகுதிகளில் நிற்கலாம், ஜெயித்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும், அங்கே இடைத்தேர்தல் வரும். 2008-இல் அவர் முல்தான், லாகூர், ராவல்பிண்டி மூன்றிலும் ஜெயித்தார், ராவல்பிண்டியில், ராணுவ ஆட்சியாளர் முஷாரஃபின் அமைச்சராக இருந்த ஷேக் ரஷீதையே தோற்கடித்தார். வைத்துக்கொண்டது சொந்த ஊரான முல்தானை.

அந்த வெற்றியின் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய கதையைக் கட்டாயம் சேருங்கள். ராணுவ அதிகாரிகள் எழுதியதாகச் சொல்லப்பட்ட, முஷாரஃபைக் குறைகூறும் ஒரு கடிதத்தை 2003-இல் பத்திரிகையாளர்கள் முன் வாசித்தார், அவ்வளவுதான், கைது. 2004-இல் 23 ஆண்டு தண்டனை! உச்ச நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் வெளியே விட்டது, ஆறே மாதத்தில் மூன்று தொகுதி. எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான்.

அப்புறம் கட்சிக் குழப்பம். நவாஸ் ஷெரீஃப் கட்சியிலிருந்து 2011 டிசம்பரில் இம்ரான் கான் கட்சிக்குப் போனார், போகும்போது எம்.பி. பதவியையும் துறந்தார். 2013-இல் இஸ்லாமாபாத், முல்தான் இரண்டிலும் வெற்றி, மறுபடியும் முல்தானையே வைத்துக்கொண்டார். 2014-இல் நவாஸ் அரசு விலகக் கோரி இம்ரான் நடத்திய இஸ்லாமாபாத் முற்றுகையின்போது, இம்ரானின் போக்கை வெளிப்படையாக எதிர்த்து நாடாளுமன்றத்திலேயே ராஜினாமாவை அறிவித்தார். அக்டோபர் இடைத்தேர்தலில் அதே முல்தானில், இம்ரான் கட்சி ஆதரித்த சுயேச்சையான ஆமிர் டோகரிடம் தோற்றார். இந்தத் தோல்வியையும் விடாமல் எழுதுங்கள்.