நள்ளிரவில் டோக்கியோவில் பசித்தால்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். விமானம் இரவு 10.30-க்கு ஹனேடாவில் இறங்குகிறது. ஓட்டலுக்குப் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். கணவர் மீன், கோழி சாப்பிடுவார். நானும் 7 வயது மகனும் முட்டை வரை மட்டும்தான். அந்நேரத்தில் ஏதாவது கிடைக்குமா? பையன் பசி தாங்கமாட்டான்.

பதில்: கிடைக்கும், கவலையே வேண்டாம். ஆனால் அன்றைக்கு மட்டும் உணவகம் தேடி அலையாதீர்கள். நான் டோக்கியோவில் 3 வருடம் வேலை பார்த்தவள். போன முதல் வாரத்தில், 11 மணி வரை என்று பலகை போட்டிருந்த ஒரு நூடுல்ஸ் கடைக்குள் 10.40-க்கு நுழைந்தேன். கடைக்காரர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டி, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அங்கே 'லாஸ்ட் ஆர்டர்' என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் மூடுவதற்கு அரை மணி முன்பே அது முடிந்துவிடும். வாசலில் தொங்கும் துணித்திரையை (நோரென் என்பார்கள்) உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றால், விளக்கு எரிந்தாலும் கடை மூடியாகிவிட்டது.

நீங்கள் போகவேண்டிய இடம் கொன்பினி, அதாவது தயார் உணவும் அன்றாடச் சாமான்களும் விற்கும் சிறு கடை. செவன்-இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் மூன்றும் பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். உங்கள் ஓட்டலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கிளம்பும் முன்பே வரைபடத்தில் பார்த்து வையுங்கள்.

பையனுக்கு முட்டை சாண்ட்விச் வாங்குங்கள். ரொட்டி அவ்வளவு மெத்தென்று இருக்கும். வாழைப்பழம், தயிர், பால் எல்லாமே இருக்கும். அப்புறம் ஒனிகிரி, அதாவது முக்கோணச் சோற்று உருண்டை. அதன் உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும். அந்த வரிசையில் இழுத்தால்தான் கடற்பாசித் தாள் கிழியாமல் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். உங்கள் மகனிடமே கொடுத்துவிடுங்கள், களைப்பை மறந்துவிடுவான்.

உங்கள் இருவருக்கும் ஒரு எச்சரிக்கை. கறியும் மீனும் கண்ணில் படாவிட்டால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். சூப், சாஸ், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) எல்லாவற்றிலும் காய்ந்த கட்சுவோ மீனின் சாறு சேர்ந்திருக்கலாம். உறையில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலிலும் அது வராது. முட்டை, பால், கோதுமை, இறால் போன்ற சிலவற்றைத்தான் அங்கே கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும். கட்சுவோ அதில் இல்லை. அதனால் சேர்மானப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். உப்பு மட்டும் போட்ட ஒனிகிரியையும் உமெபோஷி (புளிப்பான பிளம் வகைக் காய்) ஊறுகாய் வைத்ததையும் முதலில் பாருங்கள். சூடுபண்ண வேண்டிய பொட்டலம் என்றால் கடைக்காரரே கேட்பார், தலையாட்டினால் போதும்.

கணவருக்குச் சூடான சாப்பாடுதான் வேண்டும் என்றால் சுகியா, மட்சுயா, யோஷினோயா உணவகங்களின் கிளைகள் பல நள்ளிரவு தாண்டியும் இயங்குகின்றன. ஆனால் அங்கே பிரதானம் மாட்டிறைச்சிச் சோறு. அவர் அதைச் சாப்பிடமாட்டார் என்றால் கோழியோ மீனோ உண்டா என்று படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில கடைகளில் வாசலில் உள்ள இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும், அதற்கு 1,000 யென் நோட்டுகள் கையில் இருக்கட்டும். டிப்ஸ் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்கத் துரத்தி வருவார்கள்.

ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். விமானம் தாமதமானால் முனையத்திலேயே ஏதாவது வாங்கிப் பையனுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் டாக்சி பிடியுங்கள்.

கேள்வி: ஒசாகாவில் ஒரு கடைப் பலகையின் படத்தில் '17:00 – 26:00' என்று பார்த்தேன். அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. நள்ளிரவைத் தாண்டியும் அதே நாள் நீள்வதாக எண்ணுகிறார்கள். 26 மணி என்றால் விடியற்காலை 2 மணி. சனிக்கிழமைக்கு அப்படிப் போட்டிருந்தால், கடை மூடுவது ஞாயிறு அதிகாலையில். லாஸ்ட் ஆர்டரை நினைவில் வைத்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.