பாதை என்றால் நமக்கு இரண்டு அர்த்தம்

அன்புள்ள ஐயா,

இலங்கை முழுக்க நீண்டதூர சைக்கிள் பாதைகளை ஒரே வலையமைப்பாக இணைக்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். வாசிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் படிப்பிக்கிறவள். என் மகன் டியூசனுக்கு சைக்கிளில் போகிறான். கல்முனை வீதியில் பஸ்ஸும் டிப்பரும் உரசிக்கொண்டு வரும்போது ஓரத்து மணலுக்குள் சைக்கிளை இறக்கிவிட்டு நிற்கிறான். அதே வீதியில் வெள்ளைக்கோடு கீறி, 'தேசியப் பாதை' என்று பலகை நட்டால் என்ன மாறும்? அறுகம்பைக் கடற்கரைக்குச் சுற்றுலா போகிற வெள்ளைக்காரர் நாலு பேருக்காகவா இந்தத் திட்டம்?

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர்

அன்புள்ள டீச்சர்,

கோடு கீறுவதால் ஒன்றும் மாறாது. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். போன வாரம் இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

பிரித்தானியாக்காரர் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தார்கள். 1977-இல் பிரிஸ்டலில் சிலர் குழுவாகக் கூடி, பின்னர் ரயில் ஓடாமல் கிடந்த பழைய தடத்தை பாத் நகரம் வரை சைக்கிள் பாதையாக்கத் தொடங்கினார்கள். அவர்கள்தான் பிறகு சஸ்ட்ரான்ஸ் என்ற தொண்டு நிறுவனமானார்கள். 1995-இல் லொத்தர் நிதியிலிருந்து நான்கு கோடிப் பவுணுக்கு மேல் கிடைத்தது. வலையமைப்பு மளமளவென்று பெருகியது. பெருகிய வேகத்தில் பெரும்பகுதி கார் ஓடும் வீதியிலேயே போய்விட்டது. 2018-இல் அவர்களே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 12 வயதுப் பிள்ளை தனியாகப் போகலாமா என்பதுதான் அளவுகோல். 2020-இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை, கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டரை, தேசிய வலையமைப்பு என்ற பெயரிலிருந்து கழற்றிவிட்டார்கள். உங்கள் மகன் மணலில் இறங்கி நிற்கிறானே, அந்த இடம் இந்த அளவுகோலில் முதல் நாளே தோற்றுவிடும்.

அதனால் கல்முனை வீதியை விட்டுவிடுவோம். நம் சைக்கிள் வழிக்கு வரைபடத்தில் போடுகிற கோடு படுவான்கரையால் போகட்டும். வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர். அப்புறம் நாவிதன்வெளி, சம்மாந்துறை, இறக்காமம் என்று வயலுக்குள்ளால் அக்கரைப்பற்று. இந்தப் பக்கத்தில் வாய்க்கால் கரைகளிலும் குளக்கட்டுகளிலும் ஏற்கனவே கிரவல் ரோட்டுகள் கிடக்கின்றன. உழவு மெஷின் போகிற அகலம் சைக்கிளுக்குத் தாராளம். திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரி, பொத்துவில் பக்கம் வேறு வழி அதிகம் இல்லை. அங்கே பெரிய வீதியை ஒட்டியே, அதிலிருந்து பிரிந்த தனித்தடம் போட்டுத்தான் ஆகவேண்டும். செலவழிக்க வேண்டிய இடமும் அதுதான்.

பிரிஸ்டலில் போல நமக்குக் கைவிட்ட ரயில் தடம் இல்லை. 1928-இல் மட்டக்களப்புக்கு வந்த ரயில் இன்றும் ஓடுகிறது. ஆனால் பழைய கல்லடிப் பாலம் இருக்கிறதே! 1924-இல் திறந்த இரும்புப் பாலம். 2013-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தபோது பழையதை இடிக்காமல் விட்டார்கள். பெரிய வாகனங்களின் இரைச்சல் இல்லாமல் வாவியைக் கடக்க இதைவிட நல்ல இடம் எது? வடக்கேயிருந்து வரும் கோடும் தெற்கேயிருந்து வரும் கோடும் அந்தப் பாலத்தடியில் சந்திக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம்முடைய ஊரில் 'பாதை' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதை வெளியூர்க்காரர் அறியமாட்டார்கள். குருமண்வெளியில் நின்று "பாதை வந்திட்டா?" என்று கேட்டால், மண்டூரிலிருந்து ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வரும் மிதவையைத்தான் கேட்கிறோம். சின்ன வயதில் அப்பா என்னை சைக்கிள் பாரில் இருத்தி மண்டூர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோவார். பாதையில் ஏறியதும் சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் தண்ணீர் அள்ளி என் முகத்தைக் கழுவிவிடுவார். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே வாவி கிடக்கிற ஊரில், கோடு போட உட்காருகிறவர் முதலில் இந்தத் துறைகளைத்தான் பார்க்க வேண்டும். மண்முனையில் 2014-இல் பாலம் வந்து பாதை ஓய்ந்தது, நல்ல விஷயம். பாலம் இல்லாத துறையில் பாதையும் வலையமைப்பின் ஓர் அங்கம் என்று எழுதி, அதன் நேரத்தைப் பலகையில் போட்டால் போதும்.

யாருக்காக என்று கேட்டீர்கள். முதலில் உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக. வயலுக்குப் போகிறவருக்காக, விடியற்காலையில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகிறவருக்காக. 2022-இல் பெற்றோல் இல்லாமல் போனபோது தூசி தட்டி எடுத்த சைக்கிள்கள் இப்போதும் வீட்டு விறாந்தையில் நிற்கின்றன. அறுகம்பைக்குப் போகிறவர்களும் வரட்டும், தேத்தண்ணீர்க் கடைக்கும் ஒட்டுப்போடுகிற கடைக்கும் நாலு காசு சேரும்.

நீண்டதூரம் நமக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கதிர்காமத்துக்கு அடியார்கள் பாதயாத்திரையாக நடந்து போகிறார்கள். எங்கே தண்ணீர், எங்கே நிழல், இரவு எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கிழக்குக் கரையின் சைக்கிள் வழியை வரைய முதலில் விசாரிக்க வேண்டியது அவர்களைத்தான். உகந்தைக்கு அப்பால் குமண காடு. சைக்கிள் அங்கேயே நிற்கட்டும், அது யானையின் வழி.

பெரிய இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி தர வீதிகள் மாகாணத்திடம், ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபையிடம், குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். 100 கிலோமீட்டர் போவதற்குள் கோடு பல கை மாறும். எல்லாக் கையெழுத்தும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் 1995-இல் சைக்கிள் வழிகள் கூடும் சந்திகளுக்கு வெறும் எண் கொடுத்துத் தொடங்கினார்கள். போகவேண்டிய சந்திகளை 14, 22, 31 என்று துண்டில் எழுதிக்கொண்டால் வரைபடமே வேண்டாம். நம் பலகைகளில் மூன்று மொழிகள் வேண்டும், எண்ணுக்கு மொழி இல்லை. அதைப் படுவான்கரையில் நாளைக்கே தொடங்கலாம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன், டீச்சர். சைக்கிளில் வருகிற பிள்ளைகளை, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வரும் வழியைக் கொப்பித்தாளில் கீறச் சொல்லுங்கள். எங்கே இறங்கி உருட்டுகிறார்கள், மாரியில் எங்கே தண்ணீர் மறிக்கிறது, எந்த மரத்தடியில் நிற்கிறார்கள் என்று குறிக்கட்டும். பார்த்தபிறகு எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த கட்டுரையை அந்தத் தாள்களை வைத்துத்தான் எழுதப்போகிறேன்.

அன்புடன்.