1964இல் வரைந்த மின்னல் மனிதன் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வட ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்கா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் மெல்பர்னில் ஆறு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். வரும் ஆகஸ்டில் அம்மா இங்கே வருகிறார். அவரைக் கூட்டிக்கொண்டு டார்வின் போய், அங்கிருந்து காக்கடு போகலாம் என்று இருந்தேன். ஆனால் நீங்கள் எழுதிய ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே எல்லோரும் போய்ப் பார்க்கும் மின்னல் மனிதன் ஓவியம் 1964இல் வரைந்தது என்கிறீர்கள். ஆயிரக்கணக்கான வருடத்து ஓவியம் என்று நம்பி அவ்வளவு தூரம் போய், என் அப்பா வயதுள்ள ஓவியத்தையா பார்ப்பது? பழையதன் மேல் புதிதாக வரைந்தால் பழையது அழிந்ததாகத்தானே அர்த்தம்? எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று சொல்லி, பழைய சுவரோவியங்கள் மேல் டிஸ்டெம்பர் அடித்துவிட்டார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அப்புறம், சில கதைகளை அங்குள்ள பூர்வகுடி மக்கள் வெளியாருக்குச் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். காசு கொடுத்து வருகிறவர்களுக்குப் பாதிக் கதைதானா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. போகத்தான் வேண்டுமா, சொல்லுங்கள்.

கே., மெல்பர்ன்

*

அன்புள்ள தம்பிக்கு,

போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். முழங்காலுக்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் நடந்தது எனக்கும் வலிக்கிறது. டிஸ்டெம்பர் வாளியோடு வந்தவருக்கு அந்தச் சுவரில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவுமில்லை. மின்னல் மனிதன் இருக்கும் அன்பங்பங் பாறைச்சுவரில் 1964இல் நடந்ததை அதோடு சேர்க்காதீர்கள். அங்கே தூரிகை பிடித்தவருக்கு, சுவரில் இருப்பவர்கள் யார், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை, அந்தப் பாறை எந்தக் குலத்துக்கு உரியது எல்லாம் தெரியும். அந்த மண்ணில் பிறந்து, அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

அவர் பெயர் நயொம்பொல்மி. பட்மார்டி குலத்தைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் அவரை பாரமுண்டி சார்லி என்று கூப்பிட்டார்கள். பாரமுண்டி என்பது நம் ஊர்க் கொடுவா மீன்தான். எருமை வேட்டை முகாம்களிலும், பிறகு நூர்லாஞ்சி என்ற இடத்துப் பக்கத்தில் இருந்த வேட்டைச் சுற்றுலா முகாமிலும் வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்துப் பாறைகளில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அவர் கையால் ஆனவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வெள்ளையர் வந்த பிறகு பரவிய நோய்களாலும், பிழைப்புக்காக இடம்பெயர்ந்து போனதாலும் அந்தப் பக்கத்து மக்கள்தொகை மிகவும் சுருங்கிப் போயிருந்த காலம் அது. பாறைச்சுவரில் பழைய உருவங்கள் மங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கப் பிள்ளைகள் இல்லை. 1963–64 மழைக்காலத்தில் அவரும் உடனிருந்த சிலரும் அந்தச் சுவரில் வரைந்தார்கள். சில வருடங்களில் அவர் இறந்துபோனார்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு காலை எட்டரை மணிக்கு நான் அந்தச் சுவர் முன்னால் நின்றேன். மரப்பலகை நடைபாதை, கைப்பிடி, அதற்கு அந்தப் பக்கம் பாறை. வலப்பக்கம் மேலே நமர்கொன், மின்னல் மனிதன். அவன் உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளைகோடு ஓடுகிறது. அதுதான் மின்னல். முழங்கையிலும் முழங்காலிலும் கல்கோடரிகள் முளைத்திருக்கின்றன. அவற்றால் மேகத்தை அடித்துத்தான் இடியை உண்டாக்குகிறான். அவன் மனைவி பார்கிஞ்சும் அங்கேயே இருக்கிறாள். கீழே ஆண்களும் பெண்களும் அலங்கரித்துக்கொண்டு வரிசையாகச் சடங்குக்குப் போகிறார்கள். சில பெண்களின் மார்பில் சின்னச் சின்னக் கோடுகள். தாய்ப்பாலைக் காட்ட வரைந்தவை அவை.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். ஓவியத்துக்கு மேலே பாறையில் விரல் தடிமனுக்குக் கண்ணாடி போல ஒரு கோடு நீளமாகப் போகும். சிலிக்கோன் பசை. மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து ஓவியத்தின் மேல் இறங்காமல் பக்கவாட்டில் போவதற்காக ஒட்டியது. நம் ஓட்டு வீட்டு இறவாணம் செய்கிற வேலையை அந்தக் கோடு செய்கிறது. குளவிக் கூடு, தூசி, பாறையில் முதுகு தேய்க்க வரும் காட்டெருமை என்று ஓவியத்துக்கு எதிரிகள் நிறைய. இத்தனை பாதுகாப்பும் ஒரு 1964 ஓவியத்துக்கு. அந்த மக்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்கு அந்தப் பசைக்கோடுதான் முதலில் சொன்னது.

அந்த வட்டாரத்தில் பழமை வேண்டும் என்றால் அதற்குக் குறைவே இல்லை. காக்கடுவால் சூழப்பட்ட மஜெட்பெபே என்ற பாறை ஒதுக்கிடத்தில் மனிதர்கள் 65,000 வருடங்களுக்கு முன்பே இருந்தார்கள் என்று 2017இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. அந்த அடிமண்ணில், தீட்டிய கோடரிகளோடு காவிக்கல்லும் கிடைத்தது. அரைத்துப் பயன்படுத்திய காவிக்கல். (அந்த இடம் பொதுமக்கள் போகும் இடம் இல்லை, தேடிப் போகாதீர்கள்.) நயொம்பொல்மி சுவரில் போட்ட சிவப்பும் அதே மாதிரி மண்ணிலிருந்து வந்ததுதான். பாறையில் சிவப்புக் காவிதான் நெடுநாள் நிற்கும். வெள்ளைக் களிமண் சீக்கிரம் உதிரும். கரி அதற்கும் முன்னால் போய்விடும். அதனால் மேலே மேலே வரைவது அங்கே வழக்கமான காரியம். பல ஓவியங்களில், வரைந்து முடித்த படத்தைவிட வரைகிற செயலுக்குத்தான் மதிப்பு. கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். கதை முடிந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் இதைச் சொல்கிறேன். அந்த வட்டாரத்துச் சில பாறை ஓவியங்களில் நீல நிறம் இருக்கிறது. மண்ணில் கிடைக்கிற நீலம் இல்லை. ரெக்கிட் கம்பெனியின் சலவை நீலம். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட ராபின் புளூ இருந்ததே, அதைத் தயாரித்த அதே கம்பெனி. துணிக்குப் போட மிஷன்காரர்களும் முகாம்காரர்களும் கொண்டுவந்த நீலத்தை ஓவியர்கள் எடுத்துப் பாறையில் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எத்தனையோ தலைமுறை சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கருப்பும் வைத்து வரைந்தவர்கள் கையில் திடீரென்று ஒரு நீலம் கிடைத்தால் சும்மா இருப்பார்களா?

சரி, பழசு பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசையும் நியாயம்தான். அதற்குக் காக்கடுவிலேயே உபிர் என்ற பாறைப் பகுதி இருக்கிறது. அங்கே தைலசினின் ஓவியம் ஒன்று இருக்கிறது. முதுகில் வரி போட்ட, நாய் போன்ற விலங்கு. டாஸ்மேனியப் புலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது சுமார் 3,000 வருடங்களுக்கு முன்பே இல்லாமல் போய்விட்டது. உயிரோடு பார்த்தவர் வரைந்தது என்றால் அதன் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காக்கடு பாறைகளை வயது வரிசைப்படி பார்த்தால் கடல் நகர்ந்த கதையே தெரியும். பனியுகத்தில் கடல் வெகு தூரத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஓவியங்களில் கங்காரு போன்ற தரைவிலங்குகள். பனி உருகிக் கடல் ஏறி, உப்பங்கழிகள் வந்த பிறகு கொடுவாயும் கெளுத்தியும் பாறைக்கு வருகின்றன. கடைசி ஒன்றிரண்டாயிரம் வருடத்தில் நன்னீர்ச் சதுப்புகள் உண்டானதும் காட்டு வாத்துகள். அதற்கும் பிறகு, உபிரின் பெரிய ஓவியச் சுவரில் ஒரு வெள்ளைக்காரன் புகைக்குழாயோடு நிற்கிறான். இந்த வரிசையில் 1964 கடைசிப் பக்கம். கடைசிப் பக்கம் இருப்பதால் முதல் பக்கத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

இப்போது உங்கள் பாதிக் கதைக்கு வருகிறேன்.

அன்பங்பங் சுவரில் நமொன்ஜோக் என்று ஒருவன் இருக்கிறான். பங்காளி முறையில் தங்கையாகிற பெண்ணோடு சேர்ந்து முறை தவறியவன். அங்கே எல்லா மனிதரும் துவா, யிரிஜா என்று இரண்டு பிரிவு. பிள்ளைகள் அப்பாவின் பிரிவில் சேருவார்கள், கட்டுவது எதிர்ப்பிரிவில்தான். கூடப் பிறந்தால்தான் தங்கை என்பதில்லை, முறையில் தங்கை என்றாலும் தங்கைதான். உங்கள் அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற ஐரோப்பியர்களுக்கு ரேஞ்சர் கால்மணி நேரம் விளக்கியும் புரியவில்லை, எனக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது. சுவரைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால், மலை விளிம்பில் தனியாக நிற்கும் ஒரு பெரிய கல் தெரியும். நமொன்ஜோக்கின் தலை அலங்காரத்திலிருந்து அந்தப் பெண் எடுத்த இறகு அது.

ரேஞ்சர் அந்த மண்ணின் பெண். இதுவரை சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் உள்ளது சடங்கு கடந்தவர்களுக்கு. சில கதை ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கே வயதுக்கு ஏற்றபடிதான் சொல்வார்கள். முதல் முறை வந்த நமக்குக் குழந்தைக்குச் சொல்கிற கதை கிடைக்கிறது. எனக்கு அதில் குறையே தெரியவில்லை. நாம் வாங்குகிற சீட்டு பூங்காவுக்குள் நுழைவதற்கு. கதை அவர்கள் வீட்டுச் சொத்து.

சொல்வது என்று அவர்கள் தீர்மானித்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கும் ஓர் ஆள் இருந்தார். பிக் பில் நெய்ஜி. காக்கடு என்ற பெயரே காகுஜு என்ற மொழியின் பெயரிலிருந்து வந்தது. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவர். 2002இல் காலமானார். தன்னோடு எல்லாம் போய்விடுமே என்ற கவலையில், மரபாக வெளியே சொல்லாத சிலவற்றை வெளியாருக்கும் சொல்லிப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார். தன் நிலம் பூங்காவாவதற்கும் துணை நின்றார். நயொம்பொல்மி சுவரில் செய்ததை இவர் சொல்லில் செய்தார் என்று எனக்குத் தோன்றும். இரண்டு பேருமே எதைக் கொடுப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தவர்கள். இன்றைக்கும் பூங்காவின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அந்த மண்ணின் மக்களே. நெய்ஜி போன்றவர்கள் விட்டுப்போன வழி அது.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். டார்வினிலிருந்து ஜபிரு ஊர் சுமார் 250 கிலோமீட்டர், ஆர்னம் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. ஜபிருவில் தங்குங்கள். அந்த மண்ணின் பினிஞ் மக்கள் வருடத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். ஆகஸ்ட் நடு வரைக்கும் வுர்கெங், குளிர்ந்த பருவம். அதன் பிறகு குருங், வெக்கை ஏறிவிடும். அதனால் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே போய்விடுங்கள். அன்பங்பங் சுற்று ஒன்றரைக் கிலோமீட்டர். முதல் பகுதி சமதளம், மெதுவாக நடக்கலாம். எந்தத் தண்ணீர்க் கரையிலும் அம்மாவை ஒதுங்கி நிற்க வையுங்கள். கலங்கல் தண்ணீரில் முதலை கண்ணுக்குத் தெரியாது. யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலையில் படகில் போனால் முதலையைப் பத்திரமாகப் பார்க்கலாம்.

உபிர் சுற்று ஒரு கிலோமீட்டர். அதற்கு மேல் நடாப் சமவெளியைப் பார்க்கப் பாறையில் 250 மீட்டர் தூரம் செங்குத்தான சரிவில் ஏற வேண்டும். அது அம்மாவுக்கு வேண்டாம். பெரிய ஓவியச் சுவரின் நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். அவருக்கு அங்கே பொழுது போகும். சுவர் முழுக்க மீன், ஒன்றின் மேல் ஒன்றாக. வெளியுருவத்தோடு உள்ளே இருப்பதையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். நான் இருபது வரை எண்ணிக் கணக்கை விட்டேன். மீன் ஆய்ந்து பழகிய கைக்கு நடுமுள் எங்கே ஓடுகிறது, ஈரல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் கொழுப்பு என்று பார்த்தவுடன் தெரியும். நீங்கள் இறங்கி வந்ததும் அம்மாவிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.