நைட் ஷிப்ட் முடிந்து காரை எடுக்கும் முன்

கேள்வி: பல வருடங்களாக நைட் ஷிப்ட் பார்க்கிறேன். காலையில் வேலை முடிந்ததும் முக்கால் மணி நேரம் காரோட்டி வீட்டுக்கு வருவேன். தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். சில நாள் கடைசிக் கொஞ்ச தூரம் எப்படி வந்தேன் என்றே நினைவிருக்காது. ஆனால் இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் மனைவிதான் ரொம்பப் பயப்படுகிறார். வழி முழுக்க போனில் பேசிக்கொண்டே வரட்டுமா என்கிறார். அனுபவமுள்ள டிரைவருக்கு இவ்வளவு பயம் தேவையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தேவை. உங்கள் மனைவியின் பயத்தில் பாதியாவது உங்களுக்கும் இருக்க வேண்டும்.

கீறல் விழுந்ததில்லை என்கிறீர்கள். அதற்கு முந்தின வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். பழகிய வழியில் யோசனை எங்கோ போவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவருக்கு வந்த வழி நினைவில்லை என்றால், இடையில் அவர் தூங்கியே போயிருக்கலாம். மைக்ரோஸ்லீப் என்பார்கள். சில விநாடிகள்தான் நீடிக்கும். கண் திறந்தபடியே இருக்கும்போதும் வரும். தூங்கினோம் என்பதே பல நேரம் தெரியாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் 4 விநாடியில் 66 மீட்டரைக் கடந்துவிடும். அந்த 66 மீட்டருக்குள் யாரும் குறுக்கே வரவில்லை, முன்னால் போன வண்டி திடீரென்று நிற்கவில்லை. நீங்கள் தப்பித்தது அதனால்தான். உங்கள் அனுபவத்துக்கு அதில் பங்கே இல்லை. தூங்குகிறவர் பிரேக் போட மாட்டார், ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டார். இப்படிப்பட்ட விபத்துகள் பலவற்றில் சாலையில் பிரேக் போட்ட தடமே இருக்காது. வந்த வேகத்திலேயே மோதியிருக்கும்.

பழக்கம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நைட் ஷிப்ட் வேலை பார்க்கும் 16 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. வேறு வண்டிகள் வராத சோதனைத் தடத்தில் அவர்களை நிஜக் காரை ஓட்டவைத்தார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து ஓட்டிய அன்று ஒருவருக்கும் பிரச்சினை வரவில்லை. அதே ஆட்கள் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஓட்டிய அன்று, 6 பேர் விபத்து நடக்கவிருந்த நிலைவரை போனார்கள். 7 பேரைப் பாதுகாப்புக்காகப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களும் உங்களைப் போல ராத்திரி வேலை பழகியவர்கள்தான்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்குக் கையும் கண்ணும் சேர்ந்து செயல்படும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. முந்தின நாள் பகல் ஒரு மணிக்கு எழுந்தவருக்கு, காலை ஆறு மணியோடு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடும். குடித்தவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்குகிறோம். தூக்கக் கலக்கத்தில் கிளம்புகிறவரை மட்டும் 'பார்த்துப் போ' என்று அனுப்பிவைக்கிறோம். இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், 24 மணி நேரம் தூங்காமல் வண்டியோட்டி உயிர்ப்பலி ஏற்படுத்தினால் அதைப் பொறுப்பற்ற செயலாகக் கருதும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது.

சரி, கண்ணாடியும் பாட்டும்? குளிர்காற்று, ரேடியோ இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு லேசாகத் தெளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற, தூக்கத்தை வரவைக்கும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதைக் குறைப்பது தூக்கம் ஒன்றுதான். காபிகூட அதன் வேலையைக் கொஞ்ச நேரம் மறிக்கிறதே தவிர, அதை அகற்றுவதில்லை. அந்தக் காபியும் வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

அதனால் வேலையிடத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து 15, 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்தவுடன் மந்தமாக இருக்கும். அது தெளிந்த பிறகு கிளம்புங்கள். அப்போதும் கண் சொக்கினால் காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ போங்கள். வழியில் தூக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் முற்றிய நேரத்தில் தன் நிலையைச் சரியாகக் கணிக்கும் திறனும் குறைந்துபோயிருக்கும்.

ராத்திரியில் ஆள் வைத்து வேலை வாங்கும் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிப்ட் முடிந்தவர் அரை மணி நேரம் படுக்க ஓர் அறை கொடுங்கள். அடுத்த ஆள் வரவில்லை என்று அவரையே இன்னொரு ஷிப்ட் நிறுத்திவைத்தால், வீடு சேர்க்க வண்டி ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

அப்புறம் அந்த போன். வேண்டாம். பேச்சு தூக்கத்தைத் தடுக்காது, சாலையில் மிச்சமிருக்கும் கவனத்தையும் பிரித்துவிடும். கிளம்பும் முன் கூப்பிடுங்கள். கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன், இவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.