கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாவது உரம் போதாததால் இல்லை

வணக்கம். வடக்கு ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி வைத்த கறிவேப்பிலை, வாரம் ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), போர் தண்ணீர், ஆனாலும் கொழுந்து மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை வெளுத்திருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைதான் முதலில் பழுக்கும். இது இரும்புச்சத்துப் பிரச்சினை. மண்ணில் இரும்பு இருந்தாலும், உப்புத் தண்ணீரால் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது உப்புதான்.

உரத்தை இப்போதே நிறுத்துங்கள், பாவம் அந்தச் செடி. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடிய விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் கீலேட் இரும்பு, அதாவது வேர் எடுக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, கொடுக்கலாம். பாக்கெட்டில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டதாக வாங்குங்கள், ஈ.டி.டி.ஏ. (EDTA) வகையில் அந்தப் பிணைப்பு கார மண்ணில் நிற்காது.

எனக்குப் பெரிய கவலை வெளிச்சம்தான். கறிவேப்பிலை வெயில் செடி. நான்கடி தள்ளி இருப்பது நம் கண்ணுக்கு வெளிச்சம், செடிக்கு இருட்டு. ஜன்னலை ஒட்டி வைத்து, கூடவே 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்றை ஓரடி உயரத்தில் கட்டி, தினம் 12 மணி நேரம் எரிய விடுங்கள். வெளிச்சம் குறைந்தால் மண்ணும் சீக்கிரம் காயாது. விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள், மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர்.