மளிகைச் சீட்டை எடுத்து வாருங்கள்

(மதுரைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் உணவியல் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 44. உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. காலையில் மூன்று இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, இரவு இரண்டு தோசை. இவ்வளவுதான் என் சாப்பாடு. என் கணவர் என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார், அவர் உடம்பு அப்படியே இருக்கிறது. தைராய்டு பரிசோதனையும் செய்துவிட்டேன், அதில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி எடை ஏறுகிறது?
– இல்லத்தரசி, தேனி

பதில்: சகோதரி, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் மருத்துவமனைகளிலும் உண்டு, வீடுகளிலும் உண்டு. அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் திரும்ப வராமல் போய்விடுவார்கள். நீங்கள் எழுதியிருப்பது தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்ட கணக்கு. தட்டுக்கே வராமல் வாய்க்குப் போனது எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே, வருகிறவர்களிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். "அடுத்த முறை வரும்போது மளிகைச் சீட்டை எடுத்து வாருங்கள்" என்பேன். ஒரு வீட்டுச் சீட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. நான்கு பேர், மாதத்துக்குக் கடலை எண்ணெய் 5 லிட்டர், சீனி 5 கிலோ. அந்த அம்மாவும் உங்களைப் போலவே மூன்று இட்லிக்காரர். இருவரும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம். எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 மில்லி வந்தது, அதாவது எட்டு டீஸ்பூனுக்கு மேல். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக, எண்ணெயிலிருந்து மட்டும் ஏறக்குறைய 340 கலோரி. சீனி ஆளுக்கு 42 கிராம், அது சுமார் 170 கலோரி. இரண்டையும் கூட்டினால் 500 கலோரியைத் தாண்டுகிறது. நடுத்தர அளவு இட்லி எட்டு, பத்து சாப்பிட்டதற்குச் சமம். அந்த அம்மா இதில் ஒன்றையும் 'சாப்பாடு' என்று எண்ணவில்லை. தோசைக்கல்லில் விட்டது, தாளித்தது, நான்கு வேளை டீயில் கலந்தது, சாயங்காலம் முறுக்கில் இருந்தது என்று எல்லாம் சிதறிக் கிடந்தது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஐந்து. உங்கள் வீட்டுச் சீட்டையும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது என் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எட்டுப் பேர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்குத்தான் அம்மா உட்காருவார். அதற்குள் பொரியல் சட்டி காலியாகியிருக்கும். பருப்பில் மேல் தெளிவு மட்டும் மிச்சம் இருக்கும். சோறு மட்டும் குறைவில்லாமல் இருக்கும். அதில் மீந்த குழம்பை ஊற்றிக்கொண்டு, நாங்கள் தட்டில் ஒதுக்கிவிட்டுப் போனதையும் சேர்த்துச் சாப்பிடுவார். அன்னத்தை வீணாக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். 48 வயதில் சர்க்கரை நோய் வந்தது. 63 வயதில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் உணவியல் படித்தவள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்படியில், என் கண்ணெதிரில், ஒருத்தி வெறும் சோற்றிலேயே முப்பது ஆண்டுகளை ஓட்டியதைப் பார்க்கத் தவறிவிட்டேன். கடைசியில் சாப்பிடுகிற பெண்ணுக்குக் காயும் பருப்பும் கிடைப்பதில்லை. வயிறு நிறைகிறது, உடம்பு பெருக்கிறது, சத்து சேர்வதில்லை. எடை கூடியவளுக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே, நாளைக்குச் சமைத்து இறக்கியதும் பொரியலிலும் பருப்பிலும் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். பிறகு பரிமாறுங்கள். பிள்ளைகள் மீதம் வைத்தால் மறுவேளை அவர்களுக்குக் குறைத்துப் பரிமாறுங்கள், அதை உங்கள் வயிற்றில் கொட்டிக்கொள்ள வேண்டாம். எண்ணெயை டின்னிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். நான்கு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு 700 மில்லி போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, அடுத்த ஞாயிறு வரை அதிலேயே சமையுங்கள். மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

கணவரோடு ஒப்பிடாதீர்கள். ஆண் உடம்பில் தசை அதிகம், சும்மா இருக்கும்போதும் அது கூடுதலாகச் செலவழிக்கும். ஆனாலும் அவர் இடுப்பை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தான் எல்லை. தாண்டியிருந்தால் அவரும் ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வயது 27. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 170 செ.மீ. உயரம், 63 கிலோ எடை. எல்லோரும் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். அலுவலகப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.0 என்று வந்து, 'நீரிழிவுக்கு முந்தைய நிலை' என்கிறார்கள். காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. இரவு 11 மணிக்குப் பரோட்டாவோ பிரியாணியோ வரவழைத்துச் சாப்பிடுவேன். குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்?
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. உங்கள் குறியீடும் 22க்குப் பக்கத்தில்தான் வருகிறது. எடைக்கல் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. நம்மவர்களில் பலருக்குக் கைகால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். சாப்பிட்ட மாவுச்சத்தில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது குறைவாக இருந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். வெளிநாட்டில் 25 வரை சரி என்கிற குறியீட்டை நமக்கு 23இலேயே எச்சரிக்கையாக வைத்திருப்பது இதனால்தான்.

உங்களுக்கு நம்பிக்கை தருகிற செய்தி உங்கள் ஊரிலிருந்தே இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீராக்கிக்கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 விழுக்காடு. இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை என்பது. எடை இறங்காமலேயே நோய் விலகி நின்றிருக்கிறது. எனவே 63 கிலோவைக் குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். அது இருக்கிற தசையையும் தின்றுவிடும்.

அந்த 11 மணிச் சாப்பாட்டை விடுங்கள். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பரோட்டா மைதாவும் எண்ணெயும். அதைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ள உடம்பில் எந்த வேலையும் நடப்பதில்லை. எட்டு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு சப்பாத்தியும் பயறோ முட்டையோ சாப்பிட்டு, பதினைந்து நிமிடம் நடங்கள். காலையில் ஒரு கிண்ணம் சுண்டலாவது உள்ளே போகட்டும். மதியம் கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். வாரத்தில் மூன்று நாள் தண்டாலும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்து தசையை வளர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 58. ஓராண்டாக அரிசியை விட்டுவிட்டுத் தினை, சாமை, குதிரைவாலி சாப்பிடுகிறேன். காப்பிக்குக் கருப்பட்டிதான். இருந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. என் அப்பா மூன்று வேளையும் அரிசிச் சோறு சாப்பிட்டு, கடைசி வரை ஒல்லியாகவே இருந்தார்.
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, 100 கிராம் அரிசியானாலும் தினையானாலும் சாமையானாலும் 330 முதல் 360 கலோரிதான். தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்டு, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு உண்டு. அதனால் அவற்றை விட வேண்டாம். ஆனால் 'சிறுதானியம்தானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டதா என்று கவனியுங்கள். கருப்பட்டிக்கும் சீனிக்கும் கலோரியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கருப்பட்டிக் காப்பி நான்கு குடித்தால் நான்கு இனிப்புக் காப்பி குடித்ததுதான். உங்கள் அப்பா நாற்றங்காலிலும் வரப்பிலும் நாள் முழுக்கச் செலவழித்ததை இன்று உங்களுக்காக டிராக்டர் செய்கிறது. சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையையும் மொச்சையையும் வையுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதத்தில் 54 கிலோவிலிருந்து 49 ஆகிவிட்டார். காலையும் இரவும் கஞ்சிதான் குடிக்கிறார். அக்கம்பக்கத்தில் 'உடம்பு நன்றாக இளைத்திருக்கிறதே' என்று பாராட்டுகிறார்கள். சர்க்கரைக்கு இது நல்லதுதானே?
– மருமகள், நாகர்கோவில்

பதில்: நல்லதில்லை அம்மா. முயற்சி செய்யாமல் ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை இறங்குவது எச்சரிக்கை. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கரை கட்டுப்பாடு இழந்தாலும் எடை இறங்கும், வேறு நோய்களாலும் இறங்கும். எது என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கஞ்சியில் தண்ணீரும் மாவுச்சத்தும் தவிர அதிகம் இல்லை. இந்த வயதில் கரைவது பெரும்பாலும் தசை. தசை போனால் கழிவறையிலிருந்து எழுந்திருக்கும்போது தடுமாறி விழுவார்கள், இடுப்பு எலும்பு முறியும். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்னால், ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் உள்ளே போகட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி பயறில் 7 கிராம். உங்கள் ஊரில் சாளையும் நெத்திலியும் கிடைக்கும். 100 கிராம் மீனிலேயே 18 கிராமுக்குக் குறையாது. முள் எடுத்து, குழைவாகச் சமைத்துக் கொடுங்கள். கஞ்சியை அவர் விடமாட்டேன் என்றால் அதிலேயே பாசிப்பருப்பை வேகவைத்துச் சேருங்கள்.

அவர் ஏன் கஞ்சிக்கு மாறினார் என்று கேட்டீர்களா? என்னிடம் வந்த முதியவர்களில் பலர் பல்செட் ஈறில் உராய்வதை வெளியில் சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் கஞ்சிக்கு மாறிவிடுவார்கள். இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதம் எடை எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.